செம்பிக்கு ஒரு சஸ்பென்ஷன்

அன்புள்ள நண்பருக்கு,

இதை எழுத உட்காரும் முன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வேப்பெண்ணெய் வாசனை விரல் இடுக்குகளைவிட்டுப் போகவில்லை. கருப்பியின் முதுகில் இன்று காலை கடைசியாகத் தடவினேன், இனித் தேவைப்படாது. புண் ஆறிய இடத்தில் புதிய இறகு குருத்துவிட ஆரம்பித்திருக்கிறது. உங்கள் கோழிகள் அனைத்தும் உயிரோடு இருக்கின்றன. இதை வேறு யாரிடம் சொன்னாலும் இவ்வளவுதானா என்பார்கள்.

நீங்கள் மறைந்தது மாசி மகத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. என் மனைவி புதன் என்கிறாள். புதன்கிழமை மாலை நாம் இருவரும் உங்கள் கூண்டின் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம், ஆகவே வியாழன்தான். பங்குனி இரண்டாம் ஞாயிறு அண்ணி சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் புறப்பட்டார். அன்று ஆறு கோழிகளையும் மதில் தாண்டி என்னிடம் ஒப்படைத்தார். "பாத்துக்கோங்க தம்பி. அவரு கையில தின்னு வளந்ததுங்க. கொழம்பு மட்டும் வெச்சிடாதீங்க" என்றார். வாக்குக் கொடுத்தேன். அது முதல் ஞாயிறுதோறும் அண்ணியின் தொலைபேசி வரும். என் சர்க்கரையைப் பற்றி ஒரு கேள்வி. கருப்பியைப் பற்றிப் பல கேள்விகள்.

ஆடி மூன்றாம் வெள்ளி தடுப்பூசி போட்டேன். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஆவணிக் கடைசியில் குறிஞ்சிப்பாடிச் சந்தைக்குப் போனவன், மூன்று இளம் பெட்டைகள் துறுதுறுவென்று இருப்பதைக் கண்டு வாங்கிவந்துவிட்டேன். அன்று மாலையே அவற்றைப் பழைய கோழிகளோடு விட்டதுதான் நான் செய்த தப்பு.

ஓய்வு பெறும் முன் நாம் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்துக் குடியிருந்த காலத்தில், புதிதாக வந்த கோழிகளை நீங்கள் வலைக்கு அப்பால் சில வாரங்கள் தனியே வைத்திருப்பீர்கள். எதற்கு இத்தனை தீண்டாமை என்று நான் கேட்டேன். "புது ஆளு டூட்டில சேர்ந்த அன்னிக்கே மைன்ஸுல எறக்கிடுவாங்களா சார்? மொதல்ல மெடிக்கல், அப்புறம் டிரெய்னிங். வலைக்கு இந்தாண்ட இருந்து ஒன்ன ஒன்னு பாத்துகினு இருக்கட்டும்" என்றீர்கள். சிரித்தேன். நினைவில் வைத்தது சிரிப்பை மட்டும்.

மறுநாளே கூண்டில் கலவரம். கூட்டத்தின் தலைவியான செம்பி புதியவர்களை ஒரு கை பார்த்தாள். அவர்கள் தப்பி ஓடக் கற்றுக்கொண்டதும் அவள் கோபம் கருப்பியின் மேல் திரும்பியது. வயதான கருப்பி ஓடவில்லை. முதுகுத் தோல் கிழிந்து இரத்தம் கண்டது; இரத்தத்தைக் கண்ட மற்றவையும் கொத்தத் தொடங்கின. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, கருப்பியைத் தனியே ஒரு கூடையைக் கவிழ்த்து அதனடியில் வைத்தேன். புண் உலர்ந்ததும் திருப்பி விட்டேன். வெளியாள் நுழைந்துவிட்டாற்போல அத்தனையும் பாய்ந்தன. மீண்டும் கூடை, மீண்டும் விடுதல், மீண்டும் இரத்தம்.

புரட்டாசி இரண்டாம் செவ்வாய் கருப்பி இரை எடுக்கவில்லை. சிறகு தொங்க, கண் செருக நின்றாள். எச்சம் வெளுத்து நீர்த்திருந்தது. வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தால் கூண்டே காலியாகிவிடும் என்பதை உங்கள் வாயால் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளும் அண்ணியிடம் "நலம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருந்தேன். அடுத்த ஞாயிறு என்ன சொல்வது?

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? இருக்கறத வேற யாருக்காவது புடிச்சிக் குடுத்துடுங்க" என்றாள் என் மனைவி.

"அண்ணி கேட்டால்?"

"உண்மையச் சொல்லுங்க. அவங்க என்ன உங்களுக்கு மெமோவா குடுக்கப் போறாங்க?"

கருப்பியைத் துணிப்பையில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, ஷேர் ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் சிறு வயதுப் பெண். எச்சத்தையும் காகிதத்தில் பொதிந்து எடுத்துப்போயிருந்தேன். தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டார். கிழமையோடு சொன்னேன், சந்தையில் வாங்கிய மூன்றைப் பற்றியும் சொன்னேன்.

"சொந்தப் புள்ளைக்குப் போட்ட தேதியே ஞாபகம் இல்லன்னு நிக்கறாங்க. நீங்க கோழிக்குக் கிழமையோட சொல்றீங்களே சார்!" என்று சிரித்தவர், "புதுசா வாங்கின மூணுக்கு?" என்றார்.

போடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

எச்சத்தைப் பரிசோதித்துவிட்டு வந்து, "கழிச்சல் இல்ல சார், பயப்படாதீங்க. குடற்புழு. அதோட அடி வாங்கி வாங்கித் தீனியும் உள்ள போகல. எல்லாத்துக்கும் புழு மருந்து குடுங்க. அந்த மூணுக்கும் ஊசி போடணும்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். எதற்கும் உங்கள் சின்ன வெங்காய வைத்தியத்தைப் பற்றியும் கேட்டுவைத்தேன். "குடுங்க, தின்னும். புழு சாவாது" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும்.

"தீனித் தட்டு எத்தன வெச்சிருக்கீங்க?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஒன்று என்றேன். "அப்ப சண்ட போடாம என்ன செய்யும்?"

திரும்பும் வழியில்தான், குவார்ட்டர்ஸில் நீங்கள் நடத்திய அந்த விசாரணை நினைவுக்கு வந்தது. அங்கும் ஒரு முரட்டுப் பெட்டை இருந்தாள். அங்கும் அடிபட்டதைத்தான் நான் தூக்கித் தனியே வைக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். "என்ன சார் நியாயம் இது? அடி வாங்கினவள வூட்டுக்கு அனுப்பறீங்க, அடிச்சவ ஜம்முனு டூட்டி பாக்கறா. அவள சஸ்பெண்ட் பண்ணுங்க. திரும்பி வரப்ப சீனியாரிட்டி போயிருக்கும்." இதைச் சொல்லும்போது அந்த முரட்டுப் பெட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தீர்கள், அது உங்கள் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டிருந்தது.

செம்பியைப் பிடித்தேன். குளியலறைக்குப் பின்னால், மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் கூடைக்குள் வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தேன். கூண்டில் மூலைக்கொன்றாகத் தட்டுகள் வைத்து, கொத்துவதற்கென்று ஒரு கட்டு முருங்கைக்கீரை தொங்கவிட்டேன். தலைவி இல்லாத கூண்டில் மருந்து குடித்த கருப்பி இரண்டு நாள் சுவரோரம் நின்றாள். மூன்றாம் நாள் தட்டுக்கு வந்தாள், ஒருவரும் தடுக்கவில்லை. அடுத்த வாரம் செம்பியைத் திருப்பி விட்டபோது, நான் கையில் குச்சியோடு காவல் நின்றேன். தேவைப்படவில்லை. புதிதாகச் சேர்ந்தவள்போல் அவள் ஓரமாய் நின்று, எல்லோரும் தின்ற பிறகு தின்றாள்.

இடையில் வந்த ஞாயிறுகளிலும் 'நலம்' என்றே ஒப்பேற்றியவன், ஐப்பசி முதல் ஞாயிறு அண்ணி அழைத்தபோது, ஆவணிச் சந்தையிலிருந்து ஆரம்பித்து, கிழமை விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"எனக்குத்தான் தெரியுமே தம்பி" என்றார் அண்ணி. "இத்தன வாரமும் 'நலம்'னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. நீங்க என்னிக்கு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கீங்க? அப்பவே ஏதோ ஆயிடுச்சின்னு இவங்கிட்ட சொன்னேன்."

பக்கத்திலிருந்து உங்கள் மகன் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது காலையில் கூண்டைத் திறந்ததும் நான் தீனி போடுவதில்லை. உங்களைப்போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யார் முதலில் இறங்குகிறார்கள், யார் தயங்குகிறார்கள், யாருடைய எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். முன்பெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, இந்த மனிதர் வேலையில்லாமல் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பேன். இன்று காலை என் மனைவி அதையே என்னிடம் கேட்டாள். "வருகைப் பதிவு" என்றேன். ஒருவரும் விடுப்பில் இல்லை.

தங்கள்,
அடுத்த வீட்டுக்காரன்