வாட வேண்டிய பயிர்

ஜனவரி 12
துணைவேந்தர் ஆகி இருபத்து மூன்று நாள். இன்று மட்டும் நான்கு பொன்னாடை, ஒரு ரிப்பன், ஒரு வாஷ்பேசின் திறப்பு. ஆமாம், வாஷ்பேசின்! முப்பது வருடம் வேர்க்கடலையோடு மல்லுக்கட்டியவளுக்கு இந்தத் தலையெழுத்து.

விடிகாலையில் கே.ஜி.கண்டிகை கிராமத்து வயலுக்குப் போய் விதைத்துவிட்டு வந்ததுதான் உருப்படியான வேலை. நான்கு வரிசை நான் உருவாக்கிய வறட்சி தாங்கும் ரகம், மற்றதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஊர் ரகம். ஆறாவது விதைப்புப் பட்டம், கடைசிச் சோதனை. தேறினால் விவசாயி கைக்குப் போகும்.

பிப்ரவரி 26
இன்றிலிருந்து இருபத்தைந்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிலத்துக்காரர் எல்லப்பனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். களை எடுக்கும் கெங்கம்மாள் வழக்கம்போல் புலம்பினாள். "பூ உட்டுகினு கீற பயிரும்மா. பாவம் சுத்திக்காதா?"

சுத்தட்டும். எது வாடாமல் நிற்கிறது என்று பார்க்கத்தானே இத்தனை பாடு.

மார்ச் 9
பட்டமளிப்பு மேடை நாற்காலிக்கு மெரூன் உறையா, நீல உறையா? மூன்று மணி நேரக் கூட்டம். சத்தியமாக.

மார்ச் 21
வாயைத் திறந்து தொலைத்தேன். நாளை மறுநாள் வயலில் அளவெடுக்கப் போகிறேன் என்று பதிவாளர் ராஜகோபாலிடம் சொன்னேன். "நாங்களும் வர்றோம் மேடம்" என்றார். வரட்டுமே என்றுதான் தோன்றியது. அந்த ஆபீசில் ஒருவருக்காவது என் உண்மையான வேலை என்னவென்று தெரிய வேண்டாமா?

மார்ச் 23
வரப்பில் கோலம். தட்டில் மாலை. வயல் பச்சைப்பசேலென்று — கால் வைத்தால் சேறு!

"யாருய்யா தண்ணி விட்டது?"

ஐந்து வருடமாகக் கட்டிலில் சாய்ந்தபடியே என்னோடு பேசிய எல்லப்பன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சுங்க. ரெண்டு நாளா மோட்டார் ஓடிகினே கீது. வி.சி. அம்மா வரப்போ பயிரு காஞ்சி கெடந்தா எனக்குத்தானே அசிங்கம்?"

"நான்தான் மேடம் சொன்னேன்" என்று ராஜகோபால் பல்லைக் காட்டினார்.

போச்சு. எல்லாம் போச்சு. வெறும் பேராசிரியராகச் செருப்புத் தேய நடந்த காலத்தில் ஒருத்தனும் மோட்டாரைத் தொடலையே! வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மாலையைப் போட்டுவிட்டார்கள்.

யாரைத் திட்டுவது? பீற்றிக்கொண்டது நான்.

மார்ச் 25
"அடுத்த வருஷம் காயவிடச் சொல்லி ஆர்டர் போட்டுடறேன் மேடம்" என்கிறார் ராஜகோபால். கடவுளே. அதற்கும் ஒரு கமிட்டி வரும், மாலையோடு.

ஏப்ரல் 6
ராஜினாமா கொடுத்துவிட்டேன். பழைய பேராசிரியர் வேலையே போதும்.

"அவனவன் அந்த நாற்காலிக்குத் தவம் கெடக்கிறான். ஒனக்கின்னா பைத்தியமா?" என்றார் என் வீட்டுக்காரர் பூபாலன். "ஆங், பைத்தியம்தான்" என்றேன். கோபத்தில் எனக்குச் சாப்பாடு போடாமல் உட்கார்ந்திருந்தார், நானே போட்டுக்கொண்டேன்.

மறு வருடம், மார்ச் 20
கிருத்திகைக் கூட்டம். திருத்தணியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒருத்தரும் எழுந்து இடம் தரவில்லை. கால் கடுத்தது.

எல்லப்பன் கட்டிலை விட்டு அசையவில்லை. "இன்னாம்மா, இவ்ளோ லேட்டு?" என்று வயல் பக்கம் கையைக் காட்டினார்.

நன்றாக வாடிக் கிடந்தது. என் நான்கு வரிசை மட்டும் நின்றுகொண்டிருந்தது.