போர்வை போர்த்திய எஞ்சின்

திங்கள், இரவு 11.10. தண்ணீர்: கணுக்கால்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. என் பெயர் பெனிட்டா, பத்தாம் வகுப்பு, தூத்துக்குடி. எங்கள் அடுக்குமாடியின் மேல்தளங்கள் இடிந்துவிட்டன. கீழ்த்தள பார்க்கிங்கில் அம்மா, நான், கட்டிலோடு இறக்கிவைத்த, நடக்க முடியாத பாக்கியம் டீச்சர். கடல் ஊறி உள்ளே வருகிறது. சிமெண்டு மேடையில் அப்பாவின் பைக்கை நிறுத்தி, பின்சக்கரத்தில் பெல்ட் மாட்டிப் பம்பை ஓட்டுகிறோம். இன்றும் வழக்கம்போல் ஓடியது.

வெளியே காதுகள் பறக்கின்றன; சத்தம் தேடும் இயந்திரங்களுக்கு நாங்கள் வைத்த பெயர். யாருடையவை என்று தெரியாது. எஞ்சின் சத்தம் கேட்ட இடத்தில் இறங்கும். அதன்பிறகு அங்கிருந்து யாரும் வயர்லெஸில் பேசுவதில்லை. அதனால் எஞ்சின்மேல் மூன்று போர்வை சுற்றித்தான் ஓட்டுகிறோம். அந்த யோசனையைச் சொன்னவர் சூசை அண்ணன், இரண்டு தெரு தள்ளி இன்னொரு கீழ்த்தளத்தில் இருக்கும் மெக்கானிக். வயர்லெஸில் கேட்கும் குரல் மட்டும் தெரியும்.

வெளிச்சம் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. துண்டுக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

செவ்வாய், இரவு 9.40. தண்ணீர்: முழங்காலுக்குக் கீழே.

எஞ்சின் நின்றுவிட்டது. முதலில் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு டிக், டிக். பிறகு ஒன்றுமில்லை. அம்மா ஏறி நின்றும் கிக்கர் அசையவில்லை. வயர்லெஸில் சூசை அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சூட்டுல இறுகி சீஸ் ஆயிருச்சு புள்ள. பிளக்கைக் கழத்திட்டு மண்ணெண்ணெய் ஊத்து, ஊறட்டும். உங்கம்மாவ ஏறி மிதிக்க விடாத. கிக்கர் ஒடஞ்சா வெல்டிங் பட்டறய வயர்லெஸ்ல அனுப்ப முடியாது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புதன், இரவு 10.25. தண்ணீர்: முழங்கால்.

டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். மதியம் எஞ்சின் விட்டுக்கொடுத்தது. ஆனால் கிக்கர் இப்போது தொளதொளவென்று இறங்குகிறது. கம்ப்ரஷன் இல்லை, உள்ளே காற்று அழுந்தாமல் கசிகிறது. பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மிதிக்கச் சொன்னார் சூசை அண்ணன். கொஞ்சம் இறுக்கம் வந்தது. அப்படியானால் வால்வு நன்றாக இருக்கிறது, பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங்தான் போய்விட்டது என்றார். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனில் உருகித் தேய்ந்த கோடுகள். ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டியிருந்தன. அதை அவரிடம் சொன்னேன்.

"காத்து பட்டுக் குளிரத்தான் எஞ்சின்ல மடிப்பு மடிப்பா விட்டிருக்கான். மூடச் சொன்னது நான். எட்டு பில்டிங்குக்குச் சொன்னேன்."

அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

வியாழன், இரவு 11.50. தண்ணீர்: டீச்சரின் கட்டில் சட்டம்.

ரிங்குகளை நெம்பி எடுத்தோம். ஒன்று உடைந்தது. உடைந்த துண்டாலேயே பள்ளத்தைச் சுரண்டினேன். சிலிண்டரை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தோம். டீச்சர் டார்ச் பிடித்தார்.  மாட்டியாயிற்று. கிக்கரில் பாதி இறுக்கம் இருக்கிறது. ஓடும். போர்வை போட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சூசை அண்ணனிடம் சொன்னேன்.

"மூடாம ஓட்டு. காதுங்கள நான் கூட்டிட்டுப் போறேன். என் வண்டில சைலன்சரக் கழத்திட்டேன். உப்பளத்துப் பக்கம் ஒரு சுத்து. சத்தம் தூரமாப் போனதும் நீ மிதி."

வேண்டாம் அண்ணே, வேண்டாம் என்றேன். மைக் பட்டனை அழுத்தாமலே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளி, அதிகாலை 2.15.

ஓடுகிறது. போர்வை இல்லாமல். சுவரெல்லாம் அதிர்கிறது. தண்ணீர் கட்டில் சட்டத்தை விட்டு இறங்கிவிட்டது. காதுகள் எங்களைத் தாண்டி உப்பளம் பக்கம் போயின. சூசை அண்ணன் மைக்கைத் திறந்தே வைத்திருக்கிறார். காற்று, வண்டி, நடுவில் ஏதோ முணுமுணுக்கிறார்.

2.32. அவர் வண்டியில் கீச்சென்று ஒரு சத்தம்.

அவரும் இத்தனை நாள் போர்வை சுற்றித்தானே ஓட்டியிருப்பார். நான் கேட்கவே இல்லை.

டிக். டிக்.

2.34. காற்று மட்டும்.

"பெனி, தண்ணி எறங்குதா?"

பட்டனை அழுத்திவிட்டு, இறங்குது அண்ணே என்றேன்.

"நிப்பாட்டாத."

2.41. வயர்லெஸில் இரைச்சல்கூட இல்லை. ஊரில் ஓடுகிற எஞ்சின் இப்போது எங்களுடையது மட்டும். தண்ணீர் இன்னும் முழங்கால் வரை நிற்கிறது. டீச்சர் போர்வையை நீட்டுகிறார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். மேலே ஏதோ திரும்பி வருகிறது. போர்வை இப்போது என் கையில். போர்த்தினால் எஞ்சின் நிற்கும், போர்த்தாவிட்டால்