அர்ஜுனன் காலுக்கு அளவெடுத்துச் செய்த சாமான்

அனுப்புநர்:
வடிவம்மாள், க/பெ காலஞ்சென்ற ராமசாமி,
மேட்டு லயம், கடைசி வீடு,
புக்கிட் காபூத் தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
உயர்திரு உதவி மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம், தானா ராத்தா.

பொருள்: இறந்துபோன என் மகன் பெயரில் ஆர்டர் கொடுத்த மோட்டார் சைக்கிள் சாமானை பிரிஞ்சாங் கடைக்காரர் செல்லையா திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்த மனுவில் தப்பு இருந்தால் எழுத்தில்தான் இருக்கும், விஷயத்தில் இருக்காது.

1. என் மகன் அர்ஜுனன் தேயிலை ஆலையில் வேலை பார்த்தவன். அவனுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் கொழுந்துக் கூடையில் ஏறி விளையாடினான் என்று அப்போதைய கங்காணி பிரம்போடு விரட்டி, பள்ளத்தில் விழுந்து வந்த குறை அது. அந்தக் கங்காணியின் மகன்தான் மேற்படி செல்லையா. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடாது. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

2. அர்ஜுனன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். கியர் மிதிக்க இடது கால் எட்டவில்லை. செல்லையா அவன் காலைக் கயிற்றால் அளந்து, கால் வைக்க உயரமான இரும்பும் அதற்கு ரப்பரும், நீளமான கியர் மிதியும் ஈப்போவில் தனியாகச் செய்யச் சொன்னார். அதுவரை ஒரு மரக்கட்டையைக் கட்டி ஓட்டு, ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் அவரே. 'இன்னைக்கு லோரியில வந்துரும்லா' என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். இவனும் ஒவ்வொரு தடவையும் போவான். அப்படிப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு சாயங்காலம், பனி மூடிய கொண்டை ஊசி வளைவில் கட்டை நழுவி, மோட்டாரோடு பள்ளத்தில் போய்விட்டான்.

3. சாமான் வந்து சேர்ந்தது அவன் கருமாதி அன்று. செல்லையா பெட்டியை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். என் மருமகள் அம்சவல்லி அதைப் பிரித்து, வேட்டி துண்டோடும் அவன் பிடிக்கும் சிகரெட்டோடும் படையலில் வைத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். 'ஆசைப்பட்டுக் கேட்டது அத்தை' என்றாள்.

4. எங்கள் வழக்கம் தாங்கள் அறிந்ததுதான். செத்தவருக்குப் படைத்ததை உயிரோடிருக்கும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் போனவர் ஆசை அடங்கும். வேட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டார், துண்டை ஒருவர். இந்தச் சாமானை யார் வாங்குவார்? இந்த மலையில் வேறு எந்தக் காலுக்கும் அது சேராது. அவன் ஒருவன் காலுக்குத்தான் சேரும். பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

5. ஆகையால் நானே பிரிஞ்சாங் போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். காசு கேட்கவில்லை, சாமானை எடுத்துக்கொண்டால் போதும் என்றேன். செல்லையா கடையில் நாலு பேர் நிற்க, 'ஸ்பெஷல் ஆர்டர் சாமான் திரும்ப எடுக்கிறதில்ல பாட்டி. நொண்டிக் காலுக்குச் செஞ்சத நான் யார் தலையில கட்டுறது?' என்றார். நொண்டிக் கால் என்ற வார்த்தையை அவர் வாயால் சொன்னார். நான் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கத் தேவையும் இல்லை.

6. அடுத்த மாதம் மறுபடியும் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்து, 'மாட்டி ஓட்டிட்டு வந்து புதுசுன்னு சொல்றியா?' என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். ரப்பர் தேய்ந்திருந்தது. வரிப்பள்ளங்களில் செம்மண் அப்பியிருந்தது, ஈரமாக.

7. ஐயா, அந்தச் சாமான் எந்த மோட்டாரிலும் ஏறவில்லை. மோட்டார் நொறுங்கி ஆலைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது, கணக்கு எழுதும் கிராணியைக் கேட்டாலே சொல்வார். பெட்டி என் கட்டிலுக்குக் கீழே டிரங்குக்குள் இருந்தது. சாவி என் தாலிக்கயிறு இருந்த இடத்தில் தொங்குகிறது.

8. அன்றிலிருந்து நான் பார்த்துக்கொண்டு வருகிறேன். பனி இறங்கும் நாட்களுக்குப் பிறகு ரப்பர் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். கியர் மிதியின் நுனி கால் பட்டுப் பளபளக்கிறது. ரப்பர் எல்லா இடத்திலும் தேயவில்லை, வெளி ஓரம் மட்டும். அர்ஜுனன் இடது செருப்பு அப்படித்தான் தேயும். வருஷக் கணக்காக அந்த ஓரத்துக்கு டயர் வைத்துத் தைத்தவள் நான். வேறொருவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

9. இதோடு நின்றிருந்தால் மனு எழுதியிருக்க மாட்டேன். என் பிள்ளை ஓட்டினால் ஓட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் நான் டிரங்கைத் திறக்கும்போதெல்லாம் அம்சவல்லி அந்த ரப்பரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். 'நல்லா பழகிட்டாரு அத்தை, இப்ப வளைவுல நழுவுறதில்ல' என்கிறாள். பனி இறங்கினால் பேத்தி சாரதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதே வளைவில், பள்ளத்து ஓரமாகப் போய் நிற்கிறாள். திரிங்காப்பிலிருந்து அவள் தாய் தகப்பன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஏன் நிற்கிறாய் என்று அதட்டிக் கேட்டதற்கு, 'ரப்பர் தேஞ்சு முடிஞ்சா புதுசு வாங்க நிறுத்தித்தானே ஆகணும்? அப்ப நானும் பிள்ளையும் பின்னால ஏறிக்குவோம்' என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

10. ரப்பர் இப்போது என் நகத்தின் கனம்தான் இருக்கிறது.

எனவே, மேற்படி செல்லையாவைத் தாங்கள் வரவழைத்து, சாமானைப் பெற்றுக்கொண்டு ஈப்போவுக்கே அனுப்பி உருக்கிப்போடும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அர்ஜுனன் பெயரில் இருந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று ஆபீஸ் முத்திரைச் சாப் குத்திய ஒரு கடுதாசியும் வேண்டும். அதை மருமகளுக்கு ஒரு தடவையும், அவன் குழிமேட்டில் ஒரு தடவையும் நான் வாசித்துக்காட்டுவேன்.

சாமானை இந்த மனுவோடு சாக்கில் கட்டித் தோட்டத்து லோரியில் அனுப்பியிருக்கிறேன். வந்த அன்றே அவிழ்த்து ரப்பரைப் பாருங்கள். ஒரு பனி நாள் கழித்து மறுபடி பாருங்கள். கிழவி பொய் சொன்னாளா என்று தெரிந்துவிடும். ஆனால் ஆபீசிலேயே வையுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

பனி நேரத்தில் இடது பக்கம் சாய்ந்து நடக்கிற ஒருவன் வந்து சாமானைக் கேட்டால் பயப்பட வேண்டாம், அவன் நல்ல பிள்ளை. சாமானை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடுதாசியைக் காட்டுங்கள். தாய் சொல்லை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சாப் குத்திய கடுதாசிக்கு மரியாதை கொடுப்பான்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, அதுவரை மருமகளின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும்,

வடிவம்மாள்
(என் கையெழுத்து)

இடம்: புக்கிட் காபூத் தோட்டம்
தேதி: 14.11.1979

இணைப்பு: கால் வைக்கும் இரும்பு ஒன்று, கியர் மிதி ஒன்று. கட்டும்போது துடைத்துத்தான் கட்டினேன். மண் இருந்தால் அது வழியில் பட்டது.