முதல் வரிசையில் தூக்கம்

ஜூலை 14, திங்கள்

வெயில். காற்று மட்டும் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிட்டது, மழையைக் காணோம். வாசலில் போட்ட கோலம் பத்து நிமிஷம் தங்கவில்லை.

வேலைகள்: ஒன்பதாம் வகுப்பு கணக்கு பேப்பர், பாதிக் கட்டு பாக்கி. கேஸ் புக் பண்ண. இவருக்கு மூன்றாவது பி.பி. மாத்திரை வாங்க.

இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. உப்பைக் குறைத்தாயிற்று. ஊறுகாய் ஜாடியை என் பீரோவில் பூட்டி வைத்தாயிற்று. இன்று டாக்டரம்மா புதுசாக ஒன்று கேட்டார். "நித்ர பாக படுதுந்தா சார்? குரக பெடதாரா?" நன்றாகத் தூக்கம் வருகிறதா, குறட்டை உண்டா என்று. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "லேதண்டி" என்றார், இல்லவே இல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருமுனை வரை கேட்கிற குறட்டை!

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டேன். குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சும் நிற்கும். யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி. அப்புறம் ஒரு திணறல், புரண்டு படுப்பார், மறுபடி குறட்டை. ராத்திரியில் மூன்று தடவை பாத்ரூம். காலையில் தலைவலி. பகலில் நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம்.

டாக்டரம்மாவுக்குச் சித்தூர். தமிழுக்கு மாறிக்கொண்டார். "நாங்க படிக்கும்போது குறட்டைய ஜோக்குன்னு விட்டுட்டோம்மா. இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம் வேற சொல்லுது. மூச்சு நின்னு நின்னு வந்துகினு இருந்தா ராத்திரி பூரா உடம்பு பயந்துகினே இருக்கும். பி.பி. எப்டி எறங்கும்? ஹார்ட்டு துடிப்பும் தாறுமாறா ஆவும். சுகர், பக்கவாதம், எல்லாத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குது. டெஸ்ட் பண்ணிடலாம்."

ஆட்டோவில் இவர்: "எல்லாத்தையும் ஒப்பிச்சாகணுமா உனக்கு?" ரயில்வே கேட் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

ஜூலை 16, புதன்

பெருமாள் சன்னிதிக்குப் போயிருந்தேன். எழுதவே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இவர் அப்பா காலத்திலிருந்து கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். எதிரெதிரே வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் ஓதுவார்கள். இவருக்குச் சுமாரான குரல். முப்பது வருஷமாகக் கடைசி வரிசை. போன தை மாதத்திலிருந்து முதல் வரிசை. ஏன்?

இதுதான் நடக்கிறது. நாலாவது ஐந்தாவது பாசுரத்தில் இவர் வாய் நிற்கிறது. கண் மூடுகிறது. உடம்பு மெல்ல ஆடுகிறது, தலை முன்னால் சாய்கிறது. பிறகு ஒரு திடுக். உடம்பு முழுக்கச் சிலிர்க்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர். கொட்டாவியை அடக்கினால் எனக்கும்தான் தண்ணீர் வரும். ஆனால் கோஷ்டித் தலைவர், எல்லாரும் 'பெரிய ஸ்வாமி' என்கிறவர், சுற்றி இருப்பவர்களிடம் காட்டுகிறார்: "பாருங்கோ, பாசுரத்துல கரைஞ்சு போயிடறார். நமக்கெல்லாம் வாய்தான் சேவிக்கறது."

இன்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் இவர் காலில் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக. பட்டு அங்கவஸ்திரம் வேறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "தூங்கினேளா?"

"அது தூக்கம் இல்லடி. எங்கயோ போயிட்டு வர மாதிரி இருக்கு. உனக்குப் புரியாது."

முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து இவரை வெளியில் ஒருத்தர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அதனால் மேலே பேசவில்லை. டெஸ்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார்.

சாத்துமது மீந்துவிட்டது. நாளைக்கும் அதே ரசம்தான்.

ஜூலை 19, சனி

வடமாலபேட்டையில் இவர் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு கிரகப்பிரவேசம். நல்ல சாப்பாடு, மோசமான பந்தல். ஸ்கூட்டரில் திரும்பினோம். பகல் இரண்டு மணி, பளீரென்று வெயில்.

வண்டி மெல்ல இடது பக்கம் போகிறது. மண்ணில் இறங்குகிறது. பின்னால் லாரி ஹார்ன். தாம்பூலப் பையால், உள்ளே தேங்காயோடு, முதுகில் ஓங்கி அடித்தேன். ஹேண்டிலைத் திருப்பினார். லாரிக்காரன் தெலுங்கில் எங்கள் இரண்டு குடும்பத்தையும் வைதுவிட்டுப் போனான்.

"கண்ணச் சிமிட்டினேன், அவ்வளவுதான்" என்கிறார். சிமிட்டினாராம்! எழுத்து கோணல்.

மகள் கோதை ஸ்ரீ சிட்டி கம்பெனியிலிருந்து சனி ஞாயிறு வருவாள். அவளிடம் சொன்னேன். போனில் தேடித் தேடி அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். டாக்டரம்மா சொன்னதேதான், இங்கிலீஷில்.

இவர்: "ஆழ்ந்து தூங்கறவன்தான் குறட்டை விடுவான். எங்கப்பா விடாத குறட்டையா?"

கோதை: "தாத்தா தூக்கத்துலயே போயிட்டார்ப்பா. நல்ல சாவுன்னு எல்லாரும் சொன்னேள்."

அவள் அழுதாள். சரி, டெஸ்ட் பண்ணிக்கொள்கிறேன் என்றார். ஸ்கூட்டர் சாவி அரிசி டப்பாவுக்குள்.

ஜூலை 23, புதன்

தூறல். தெரு முழுக்க மண் வாசனை. ஸ்கூலில் இரண்டு பேர் லீவு, என் தலையில் ஏழாம் வகுப்பு.

டெஸ்ட் வீட்டிலேயே செய்யலாமாம். சாயங்காலம் ஒரு பையன் வந்தான். மார்பில் பெல்ட், மூக்கில் குழாய், விரலில் கிளிப். இவர் பூணூலைப் பெல்ட்டுக்கு மேலே விடுவதா, கீழே விடுவதா என்று கால் மணி நேரம். கடைசியில் மேலே.

இவர் தூங்கினார். எனக்குத்தான் தூக்கமில்லை, பெல்ட்டில் இருந்த விளக்கு மினுக் மினுக்.

ஜூலை 30, புதன்

ரிசல்ட். கடுமையான அளவு. டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார், பள்ளம் பள்ளமாக ஒரு கோடு. ஒவ்வொரு பள்ளமும் ஒரு மூச்சு நின்றதாம். "இத்தன நாள் இவரு தூங்கவே இல்லம்மா" என்றார்.

இவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு மெஷின், வாடகைக்கு. காற்றைத் தள்ளும், தொண்டை மூடாமல் இருக்கும். மாஸ்க்கின் பட்டை தலைக்குப் பின்னால் போக வேண்டும், அங்கே குடுமி. மாட்டிவிட வந்த பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிலக கொஞ்செம் பைகி கட்டண்டி சார்" என்றான், குடுமியைக் கொஞ்சம் மேலே கட்டச் சொல்லி. உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு, மூக்கில் குழாயோடு கண்ணாடியில் பார்த்தார். நான் சிரிக்கக் கூடாது என்று சமையலறைக்குப் போனேன். அவரே சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல மழை. மொட்டை மாடிக் குழாய் அடைப்பு, ஆளைக் கூப்பிட.

பி.பி. இறங்கியிருக்கிறது! டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைக்கலாம் என்கிறார். பாத்ரூம் போவது ஒரு தடவைதான். தலைவலி இல்லை. நேற்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். நானும் தூங்குகிறேன். இத்தனை வருஷம் நானும் தூங்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு குறை: நெற்றியில் பட்டை பதிந்த பள்ளம். திருமண் அங்கே வந்ததும் நெளிகிறது. கண்ணாடி முன்னால் நின்று அழித்து அழித்துச் சாத்திக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சன்னிதியில் பெண்கள் பக்கம், என் காதில் விழவேண்டுமென்றே:

"மாமா முன்ன மாதிரி இல்லையே?"

"கண்ண முழிச்சுண்டு எல்லார் மாதிரியும் சேவிக்கறார்."

"பெருமாள் குடுத்தத பெருமாளே எடுத்துண்டுட்டார் போல இருக்கு."

தீர்த்தம் வாங்கும்போது பெரிய ஸ்வாமி இவர் தோளைத் தொட்டார். "பழைய ஈடுபாட்டக் காணோமே. ஆத்துல ஏதாவது கவலையா?" அன்பாகத்தான் கேட்டார். இவர் இல்லை ஸ்வாமி, இல்லை ஸ்வாமி என்றார். வீட்டுக்கு வந்து சட்டையில்லாத உடம்போடு ஈசிசேரில் வெகு நேரம். தூங்கவில்லை. தூங்கியிருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெஷின் பரணில். கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால். நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன்.

"சன்னிதில உற்சவம் முடியட்டும். பத்து நாள்தானே."

"பத்து நாளைக்கு மூச்சு விட வேண்டாமா?"

"அது காத்த அடிச்சு என் மனச வெறுமையாக்கிடறதுடி. முன்னெல்லாம் பாசுரம் உள்ள போகும். இப்ப பாசுரம்தான் கேக்கறது."

சண்டை போட்டேன். பிரயோஜனமில்லை. காலையில் மார்பு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டுச் சன்னிதிக்குக் கிளம்பினார். டாக்டரம்மா இதைத்தான் சொன்னார். இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்று.

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன்.

இன்று கோஷ்டியில் மறுபடி ஆடினார், சிலிர்த்தார். பெரிய ஸ்வாமி முகத்தில் அத்தனை சந்தோஷம். வெளியே வந்ததும் மடைப்பள்ளி பக்கம் அவரை நிறுத்தினேன். வீட்டிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஸ்வாமி, அது ஈடுபாடு இல்ல. தூக்கம். வியாதி. ராத்திரி மூச்சு நின்னு நின்னு போறது. டாக்டர் மெஷின் குடுத்திருக்கா. அதப் போட்டுண்டா முழிச்சுண்டிருக்கார், நீங்கள்லாம் முன்ன மாதிரி இல்லேங்கறேள். அதனால தூக்கிப் போட்டுட்டார். புகழாதீங்கோ ஸ்வாமி. அவர் செத்துப் போயிடுவார்."

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பின்னால் பிரசாதத் தொன்னையோடு நின்றவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

பெரிய ஸ்வாமி தரையைப் பார்த்தார். "நாங்கதான் தப்பா நெனச்சுட்டோம். ஒடம்பப் பாத்துக்கச் சொல்லும்மா." அவ்வளவுதான். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் வரிசையில் வேறு ஒருவர். பெரிய ஸ்வாமி இவரிடம், "தேவரீர் கொஞ்ச நாள் பின்னால சௌகரியமா சாஞ்சு உக்காருங்கோ" என்றாராம். முப்பது வருஷம் உட்கார்ந்த அதே இடம்.

வந்து கேட்டார். "அவர்கிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல்.

கத்துவார் என்று நினைத்தேன். காலை அலம்பிக்கொண்டு வந்து, ஸ்டூலைப் போட்டு, பரணிலிருந்து மெஷினை எடுத்தார். முன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 23, சனி

பேசவில்லை. காபி டம்ளரை வைத்தால் எடுத்துக்கொள்கிறார். தளிகை ஆச்சு என்றால் வந்து உட்காருகிறார். "மோர்" என்றுகூடக் கேட்கவில்லை, டம்ளரை நகர்த்துகிறார்.

கோதைக்கு இந்த வாரம் ஷிப்ட், வரவில்லை. மெஷினில் பதிவாவதெல்லாம் அவள் போனில் தெரியுமாம். காலையில் கூப்பிட்டாள். "அப்பா ராத்திரி பூரா போட்டுண்டிருக்கார்மா. நன்னா தூங்கியிருக்கார்." ஒரே வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் மூச்சு எனக்கு ஸ்ரீ சிட்டி வழியாக வருகிறது.

எட்டாம் வகுப்பு பேப்பர் ஒன்றுகூடத் திருத்தவில்லை. செய்தது சரி. மறுபடி செய்ய வேண்டி வந்தாலும் செய்வேன். ஆனால் அந்த ஆள் சிரித்தது காதைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூட்டம், மழையில்லை. இஸ்திரிக்காரன் வரவில்லை. கேஸ் வந்தது.

படுக்கப் போகும்போது முன் அறைக் கதவு திறந்திருந்தது. இவர் கட்டிலில் உட்கார்ந்து குடுமியை உச்சியில் முடிந்துகொண்டிருந்தார். மாஸ்க் மடியில். நான் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"வைதேகி."

நின்றேன்.

"ஒரு நாள் கூடவா இல்ல?"

புரிந்தது. இருந்தும், "எது?" என்றேன்.

"எல்லாமே தூக்கம்தானா? இத்தன மாசத்துல ஒரு நாள், ஒரு பாசுரத்துல கூட அது நெஜம் இல்லையா? நீ பாத்துண்டுதானே இருந்த."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து இவர் முகம் நேராகத் தெரியும். வாய் நிற்பது, கண் சொருகுவது, திடுக், எல்லாம். ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறேன்.

"எனக்கெப்படித் தெரியும்? அங்கேர்ந்து பாத்தா உங்க முதுகுதான் தெரியும்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ம்" என்றார். பிறகு மாஸ்க்கை எடுத்து அவரே மாட்டிக்கொண்டு படுத்தார்.