தொற்றுநோய்க்காரி எழுதுவது

சித்தூர்,
18.8.1985

எர்னஸ்ட் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அன்புள்ள கணவருக்கு என்று எழுத மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். நானும் என்னைப் பெற்ற நைனாவும் சுகம். என் குழந்தையை எப்போது கொண்டுவந்து விடுவீர்கள்? தாயிடமிருந்து பிரித்து வைக்க யார் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது?

வேலூர் டாக்டரம்மாவிடம் போய்வந்தேன். என் விரல் வெடிப்பு குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். திருப்பதி மலைக்கு வருகிறவர்கள் வாங்குகிற பிளாஸ்டிக் பைகளை உங்களுக்காக உட்கார்ந்து தைத்தேனே, அதன் சாயம் என் தோலுக்கு ஆகவில்லையாம். முதுகில் ஒட்டிச் சோதித்தார்கள். சாயம் மட்டும் வைத்த இடம் லேசாகச் சிவந்தது. பிளாஸ்டிக் மெத்தென்று இருக்க ஒரு எண்ணெய் கலப்பார்களாம், அதையும் சேர்த்து வைத்த இடம் கொப்பளித்துவிட்டது. அந்த எண்ணெய் தானாக ஒன்றும் செய்யாவிட்டாலும், ஆகாத பொருள்மேல் தோலுக்கு இருக்கிற கோபத்தைத் தூண்டிவிடலாம் என்றார்கள். முடிவாகச் சொல்ல இன்னும் ஆராய வேண்டுமாம். படித்த டாக்டருக்கே இவ்வளவு நிதானம். உங்களுக்கு மட்டும் என் விரலைப் பார்த்த அன்றே எல்லாம் தெரிந்துவிட்டது!

போதகரிடம் சொல்லி, ஆராதனையில் எல்லோரும் வாய் வைத்துக் குடிக்கிற இராப்போஜனப் பாத்திரம் என் வாய்க்கு வராமல் செய்தீர்கள். சபையே பார்த்துக்கொண்டிருக்க நான் முழங்காலில் நின்றேன். பாத்திரம் என்னைத் தாண்டி உங்கள் அம்மாவிடம் போயிற்று. செத்தாலும் மறக்க மாட்டேன்.

அந்த அம்மா இப்போது, "பரம்பர நோவு, மறைச்சி கட்டிக் குடுத்துட்டாங்க" என்று திருப்பதி முழுக்கச் சொல்லிக்கினு திரிகிறார்களாம். நான் வெளியேறிய பிறகு உங்கள் தங்கை தபீதாளைத் தடாவிலிருந்து வரவழைத்துப் பை தைக்க உட்காரவைத்தீர்கள். இன்று அவள் விரலும் வெடித்திருக்கிறது. என்னிடமிருந்து ஒட்டியது என்று சொல்ல வழியில்லை. அவளையும் துரத்துவீர்களா, அல்லது உங்கள் பரம்பரைக்கு மட்டும் வேறு நியாயமா?

குழந்தை நனைத்துவிடுகிறாள் என்று வெட்டி மிஞ்சிய பிளாஸ்டிக்கை அவளுக்குக் கீழே விரிக்கிறீர்களாம். தொடையெல்லாம் தடித்திருக்கிறதாம். தபீதாள்தான் சொல்லியனுப்பினாள், அவளைத் திட்டாதீர்கள். அதை இன்றே தூக்கி எறியுங்கள். சனிக்கிழமை நைனாவோடு வருகிறேன். குழந்தையோடுதான் திரும்புவேன். கதவைச் சாத்தினால் தெருவிலேயே உட்காருவேன்.

அதுவரை கர்த்தர் அவளைக் காக்கட்டும். உங்களுக்காக ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை.

பீரோவின் கீழ்த்தட்டில் என் பழைய நூல் புடவை ஒன்று இருக்கிறது. அதை மடித்துப் பிள்ளைக்கு விரியுங்கள். நான் கட்டியது என்று அருவருப்பாக இருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜெயசீலி