ஒரே முகவரியில் இரண்டு வீடுகள்

இன்று காலை அலுவலக ஸ்டோர் அறையைக் காலி செய்தார்கள். அலமாரிக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த நீல மழைக்கோட்டை எடுத்து, "இது யாருடையது?" என்று கேட்டார்கள். நான் வாங்கி விரித்தேன். பிளாஸ்டிக் வாடையும் நீ நெற்றியில் தடவிக்கொள்ளும் தைல வாடையும் ஒன்றாக எழுந்தன. அந்த அறை சற்று நேரம் எங்கோ தள்ளிப் போய்விட்டது. வெளியே ஜார்ஜ் டவுன் கூரைகளின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. நீ ஈரக் காலணியோடு உள்ளே வருவாய் என்றே இருந்தது. நீ போய் பதினோரு மாதம் ஆகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாம் இருவரும் இந்த இணையக் கம்பெனியில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் திரைக்கு முன்னால், ரௌட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். நீ வீடு வீடாகப் போய் லைனைச் சரி செய்பவள். ஊரை நான் திரையில் பச்சைப் புள்ளிகளாகப் பார்த்தேன்; லைன் ஓடினால் பச்சை. நீ கதவுகளாகப் பார்த்தாய். மதியச் சாப்பாட்டின்போது என் புள்ளிகளுக்கு நீ முகம் சொல்வாய். இந்த வீட்டில் பூனை, அந்த வீட்டில் புதுக் குழந்தை, இன்னொரு வீட்டில் பேச ஆளில்லாத தாத்தா.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஏழாவது மாடி ரோஸ்லின் அக்காவையும் உன் வாயிலாகத்தான் முதலில் அறிந்தேன். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர். தினமும் நாலு மணி வாக்கில் அவருடைய இணையம் அறுந்து அறுந்து வரும். மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். மூன்று முறையும், "வாடிக்கையாளரின் சாதனக் கோளாறு" என்று எழுதி நாம் முடித்துவிட்டோம். நாம் என்ன, நான்தான். என் திரையில் எல்லாம் பச்சையாக இருந்ததே!

நான்காவது முறை உன்னை அனுப்பினார்கள். அன்றும் மழை. ஏழாவது மாடி நடைவழியிலிருந்து போனில் கூப்பிட்டாய்.

"இன்னொரு தடவ லைன் போச்சுன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களாம்டி. அக்கா அழுவுறாங்க. உன் ரௌட்டர் என்னா சொல்லுது?"

"எல்லாம் ஓகே லா. அவங்க வீட்டு இன்டர்நெட் பெட்டிதான் பழசு."

"பழசுதான். ஆனா காலைல நல்லா ஓடுது, நாலு மணிக்கு மட்டும் ஏன் படுக்குது? நாலு மணிக்கு இங்க யாரு வீட்டுக்கு வர்றாங்கன்னு பாக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். நீ மாடி மாடியாக ஏறிக் கதவுகளைத் தட்டினாய். போனை நீ அணைக்கவில்லை. மழையின் இரைச்சல், உன் மூச்சு, யார் யாரோ கதவு திறக்கும் ஓசை எல்லாம் கனவில் கேட்பதுபோல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. பதினோராவது மாடியில் நின்றாய். மாக் மண்டின் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் அப்போதுதான் தன் பெட்டியைப் போட்டிருந்தார். அவருடையதும் ரோஸ்லின் அக்காவினுடையதும் ஒரே கடையில் வாங்கிய பழைய பெட்டிகள். கடைக்காரர் ஒன்றில் எழுதிய அமைப்பை அப்படியே மற்றதிலும் நகலெடுத்திருந்தார். இணையத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே முகவரி; அக்காவுக்கு வரவேண்டியது மேல்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்படி நடக்கவே கூடாது. ஒரு பெட்டி இணையும்போது, "இந்த முகவரி யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்கும். பதில் இல்லையென்றால் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் இணைப்பில் ஒரு வீடு கேட்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது; பாதுகாப்புக்காக அப்படிப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ஆகவே எல்லா லைன்களும் வந்து சேரும் நம் ரௌட்டர், யாரிடம் எந்த முகவரி என்று குறித்து வைத்திருந்து, "அது எடுத்தாகிவிட்டது" என்று அந்த வீட்டுக்காகத் தானே பதில் சொல்ல வேண்டும்.

ரௌட்டர் ஏன் சொல்லவில்லை? நான் அமைப்புப் பட்டியலைத் திறந்தேன். அந்தப் பதிலைச் சொல்லவைக்கும் ஒரே ஒரு வரி அணைந்து கிடந்தது. முந்தின மாதம் மென்பொருளைப் புதுப்பித்தபோது அதை நிறுத்திவைத்தவள் நான். திரும்பப் போட மறந்தவளும் நான்.

"என்னடி, என்னா தெரியுது?" என்றாய்.

"நான்தான்... நான்தான் அத ஆப் பண்ணி வச்சிருக்கேன்."

நீ திட்டவில்லை. "சரி, இப்ப போடு," என்றாய். போட்டேன். மேல்வீட்டுப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னாய். பெட்டி கேட்டது, இந்த முறை ரௌட்டர் பதில் சொன்னது. பெட்டி அந்த முகவரியை விட்டுவிட்டது. அதற்கு வேறு முகவரி கிடைக்கும்படி நீ மாற்றி எழுதினாய். கீழே ரோஸ்லின் அக்காவின் லைன் அசையாமல் நின்றது.

அந்த வரியை நான் அணைத்துவைத்ததும் இப்போது போட்டதும் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது. அது உனக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"கெரேத்தாவ எடுத்துக்கிட்டு இங்க வா. அக்காகிட்ட நீயே சொல்லு. அவங்க பெட்டி மேல தப்பு இல்லன்னு யாராவது சொல்லணும்ல?"

அரை மணியில் காரில் வந்து சேர்ந்தேன். நடைவழியில் காய்ந்தும் காயாத துணிகளுக்கு நடுவே அந்த அக்கா நின்றிருந்தார். சொன்னேன். "மூணு வாரமா என் மேலதான் தப்புன்னு நெனச்சேன் தங்கச்சி. எனக்கு ஒண்ணும் தெரியலேன்னு நெனச்சேன்," என்றார். கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நீ என் தோளில் கை வைத்தாய்.

கோளாறு எங்களுடையது என்று அவருடைய கம்பெனிக்கு என் கையொப்பத்தோடு கடிதம் போனது. அவருடைய வேலை தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்று உணவுக்கடையில் எனக்கு நீ ஒரு கிண்ணம் ஐஸ் காச்சாங், சர்க்கரைப் பாகு ஊற்றிய ஐஸ் சீவல், வாங்கித் தந்தாய். "அந்த லெட்டர பிரேம் போட்டு மாட்டுடி, நல்லா இருக்கும்," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நோய் உன்னை இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி சன்னலோரம் படுத்துக்கொண்டு, தூரத்துக் கடலைப் பார்த்தபடி, பாதித் தூக்கத்தில் மாடி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாய். எந்த வீடு என்று நான் கேட்டால், "எல்லா வீடும்தான்," என்பாய்.

போன மாதம் கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டுக்குப் புதிய ரௌட்டர் போட்டோம். அந்த வரியை மூன்று முறை சரிபார்த்தேன். திரையில் எல்லாம் பச்சை. மற்றவர்கள் கிளம்பினார்கள். நான் பாலத்தைக் கடந்து அந்த ஊருக்குப் போய், தெரியாத ஒரு தெருவில், தெரியாத ஒரு வீட்டின் மணியை அழுத்தினேன். மாவு ஒட்டிய கையோடு ஓர் அம்மா வந்தார்.

"லைனெல்லாம் நல்லாத்தானே இருக்கு? நாங்க யாரும் கூப்பிடலியே?"

"தெரியும்மா," என்றேன். "நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான் வந்தேன்."