கிளி சொல்லாத ஆமா

கீழப்பாவூரில் தாய்வீட்டுச் சிம்மாசனம் ஏறியிருக்கும் திமிர்பிடித்த மகாராணிக்கு,

வில்லுப்பாட்டில் ஆமா போட ஒரு கிளி போதும் என்று சொன்னதற்கா பெட்டியைத் தூக்கினாய்? போ. குற்றால அருவி ஒன்றும் வற்றிவிடவில்லை.

உன் இடத்தில் நம்ம குடம் அடிக்கிற மாடனை உட்கார வைத்தேன். தென்காசி அம்மன் கோயில் கொடைவிழாவில், "ஐயோ, புருஷன் செத்தானே" என்று நான் உருகிப் பாட, அந்தத் தடியன் "ஆமா, ரொம்ப நல்லது!" என்றான். ஊர் சிரித்த சிரிப்பில் பொதிகை மலை ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, மதினி ஆமா சொன்னாத்தான் கண்ணு கலங்குது" என்றார்கள். எனக்கு ஒன்றும் கலங்கவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க் கொடையில் பாடுகிறேன். வராதே. வந்தாலும், நான் நிறுத்துமிடத்தில் வாய்தவறி ஆமா சொல்லிவிடாதே. சொன்னால், வில்லைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து உன்னிடம் ஓடிவந்துவிடுவேன்.

இப்படிக்கு,
இன்னும் கிளி கிடைக்காத உன் மாமன்